தாலி ஏறாத மனைவி

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டில், நான் கட்டிக்கொண்டவன் வீட்டில், நான் வேலை செய்யும் ஷிப்பிங் ஆபீசில், கிள்ளானில் எனக்கு பிளவுஸ் தைக்கும் அக்காவின் கடையில் என்று எல்லா இடத்திலும் எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆகிவிட்டது. பதிவாளர் முன்னால், இரண்டு சாட்சிகளோடு, நீல மைப் பேனாவில் கையெழுத்துப் போட்டு ஆனது. பிறகு கெட்டுப்போனது. அது வேறு விஷயம். ஃபெடரல் நெடுஞ்சாலையில் நசுங்கிப்போன காரைப் பார்த்து "இவர்கள் கார் வாங்கவே இல்லை" என்று யாராவது சொல்வார்களா?

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். இந்த மலேசியாவில் நம் ஆட்களுக்குக் கல்யாணம் இரண்டு முறை நடக்கும். முதலில் ரிஜிஸ்டர். கோயிலிலேயே அதற்குப் பதிவாளர் இருப்பார். சட்டத்துக்கு அதுதான் கல்யாணம். அதன் பிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, மண்டபம் கிடைக்கிற தேதியில், தாலி, மேளம், ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. ஊருக்கு அதுதான் கல்யாணம். இரண்டுக்கும் நடுவில் நீ யார் என்று கேட்டால் ஒருவரிடமும் நேரான பதில் கிடையாது. அரசாங்க கவுண்டரில் நீ மனைவி. மாமியார் வீட்டில் நீ விருந்தாளி.

எங்களுக்கு ரிஜிஸ்டர் சீக்கிரம் நடந்ததற்குக் காரணம் வீடு. முதல் வீடு வாங்கும் தம்பதிகளுக்கான ஒரு திட்டத்தில் விண்ணப்பிக்கக் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். தாலிக்குத் தை மாதம் என்று பேச்சு. ரிஜிஸ்டர் மட்டும் முன் வருடம் பிப்ரவரியிலேயே, ஒரு புதன்கிழமை காலையில், கிள்ளானில் ஒரு கோயில் ஆபீசில். நான் பாதி நாள் லீவு போட்டிருந்தேன். பதிவாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர் போல இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"இன்னியிலேருந்து சட்டப்படி நீங்க புருஷன் பொண்டாட்டி. இந்தக் கல்யாணம் இருக்கிற வரைக்கும் ரெண்டு பேருமே வேற ஒருத்தர கட்டிக்க முடியாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அங்கிள்" என்றோம். அவன் என்னைவிடச் சத்தமாகச் சொன்னான்.

ஒரு சாட்சி அவன் நண்பன். இன்னொரு சாட்சி என் அப்பா. அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு இருபது டெலிவரி தாள்களில் கையெழுத்துப் போடுகிறவர், எதையும் படிக்காமல். அன்றைக்குப் பேனாவை வாங்கிக்கொண்டு ஃபார்மை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவித் தடவிப் படித்தார்.

"அண்ணே, இங்க ஒரு சைன் போட்டா போதும்" என்றார் பதிவாளர்.

"இருங்க சார். என்னானு பாத்துட்டுப் போடறேன்."

அவன் நண்பன் சிரித்தான். நான் அப்பாவின் முழங்கையை இடித்தேன். அப்பா படித்து முடித்துவிட்டுத்தான் போட்டார்.

அப்புறம் எல்லாரும் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். நான் அவன் அம்மாவிடம் ரசம் வேண்டுமா என்று கேட்கும்போது "அத்தை" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஆசையாகத்தான்.

"இப்பவே என்னா மா அத்தை? தாலி ஏறட்டும். அது வரைக்கும் ஆன்ட்டினே கூப்பிடு."

சாப்பிட்டு முடிந்ததும் அவன் தன் வீட்டுக் காரில் ஏறினான். நான் எங்கள் காரில் ஏறினேன். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் கை காட்டிக்கொண்டு வேறு வேறு பக்கம் போகிற காட்சி உலகத்தில் வேறு எங்கே நடக்கும் என்று தெரியவில்லை.

ஆனால் நாங்கள் பிரிந்து இருக்கவில்லை. இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. அவன் போர்ட் கிள்ளானில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஷிப்டுக்கு வசதியாகப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபிளாட் வாடகைக்கு எடுத்திருந்தான். சனிக்கிழமைகளில் நான் அங்கே போவேன், ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்வேன்.

"இந்த வாரமும் ஓவர்டைமா?" என்பாள் அம்மா.

"ஆமா மா. கப்பல் வருது."

"சரி. நண்டு பெரட்டி வெச்சிருக்கேன். ரெண்டு பேருக்கு இருக்கு. ஓவர்டைம்ல பசிக்கும்."

டப்பாவை என் கையில் கொடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நானும் பார்க்க மாட்டேன். நான் என் கணவனோடு இருந்தேன். என் அம்மா எங்கள் இருவருக்கும் சமைத்தாள். எட்டு மாதம் இப்படியே போனது.

எட்டாவது மாதம் வீட்டின் சாவி வந்தது. கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் நடுவில், பதினொன்றாவது மாடி. எனக்கு ஆபீசில் வேலை குவிந்திருந்ததால் அவன்தான் போய்ச் சாவி வாங்கினான். கிச்சன் கேபினட் வேலையையும் அவனே பார்த்துக்கொண்டான். கடைசி மூன்று வாரம் யார்டில் ஆள் இல்லை, ஷிப்ட் மாற்றுகிறார்கள் என்று சொல்லி எங்கள் சனிக்கிழமைகளும் குறைந்தன. நான் நம்பினேன். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஜன்னல் திரைக்கு அளவு எடுக்கலாம் என்று அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு நான் தனியாகப் போனேன். கேட்டில் கார்டு கேட்டார்கள். கார்டு வாங்க மேனேஜ்மென்ட் ஆபீசுக்குப் போனேன். உள்ளே நம் ஆள் ஒரு அக்கா இருந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

"அக்கா, என்னோட ஆக்சஸ் கார்டு எடுக்கணும்."

யூனிட் நம்பர் சொன்னேன். தட்டிப் பார்த்தார். "இந்த யூனிட்டுக்கு ரெண்டு கார்டும் போயாச்சே மா. ஹஸ்பண்டு ஒண்ணு, வைஃப் ஒண்ணு."

"வைஃப் நான்தான் க்கா."

"போன மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து வந்துதானே எடுத்தாங்க. படம்கூட புடிச்..."

பாதியில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். நான் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அப்புறம் மிகவும் மெதுவாக, "இதெல்லாம் நா யாருக்கும் காட்டக்கூடாது மா" என்று சொல்லிக்கொண்டே திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாக எழுந்து போனார். அந்த அக்காவுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை.

தெரியாத முகம். ஹேர்பேண்ட் போட்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே மலாயில் "இஸ்த்ரி" என்று இருந்தது. மனைவி.

எனக்கு மற்றது எல்லாம் அப்புறம்தான் வலித்தது. முதலில் வலித்தது அந்தச் சொல். அவன் வீட்டில் எனக்கு அதைக் கொடுக்கத் தாலி ஏற வேண்டும், மேளம் அடிக்க வேண்டும், தை பிறக்க வேண்டும். இவளுக்கு ஒரு ஃபார்மில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டான்.

அன்றைக்கே அவன் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு யார்டுக்கு எதிரே இருக்கும் மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், போய் உட்கார்ந்தேன். வந்தான். எனக்கும் சேர்த்து தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ, சொன்னான். ரொட்டி சானாய் வந்ததும் பிய்க்க ஆரம்பித்தான்.

"யாரு அது?"

"யாரு?"

"கார்டு எடுத்த இஸ்த்ரி."

ரொட்டியைப் பிய்ப்பது நின்றது. "ஃப்ரெண்டு லா. கேபினட்காரன் வரப்ப கதவு தொறக்க ஒரு ஆள் வேணும். நீ எப்ப பாத்தாலும் பிசி."

"கதவு தொறக்கறவளுக்கு வைஃப்னு பேரா?"

"ஃபார்ம்ல வேற என்னா போடறது?"

"ஃப்ரெண்டுனு போட வேண்டியதுதானே. இடம் பத்தலையா?"

அவன் பக்கத்து மேசையைப் பார்த்தான். "மெதுவா பேசு."

"எத்தன மாசமா?"

"நாலு."

நாலு மாதம். அதில் எத்தனை சனிக்கிழமை நண்டுப் பிரட்டல் கொண்டுபோனேன் என்று மனது தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது. நிறுத்தினேன். அழவில்லை. அழுகை வருகிற இடத்தில் கோபம் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

அவன்தான் மறுபடி பேசினான். "இங்க பாரு. தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா என்னமோ கல்யாணத்துக்கு அப்புறம் பண்ண மாதிரி பேசாத. தாலி கட்டலயே இன்னும். இப்பவே தெரிஞ்சது உனக்கும் நல்லதுதானே?"

"அப்ப கோயில்ல என்னா பண்ணோம்?"

"அது பேப்பர் லா. வீட்டுக்காகப் போட்டது."

நான் பேப்பரில் பிழைக்கிறவள். என் வேலையே கப்பல் சரக்குக்கு டாக்குமெண்ட் போடுவது. கன்டெய்னர் ஏறிவிட்டது என்று ஒரு தாளில் கையெழுத்து விழுந்தால் ஏறியதுதான். அப்புறம் சரக்கு நனைந்தது, உடைந்தது, அழுகியது என்று சண்டை போடலாம். ஏற்றவே இல்லை என்று சொல்ல முடியாது. அவனும் அதே துறையில் இருப்பவன்.

"பேப்பர் லானு ஒங்க யார்டு கேட்ல சொல்லிப் பாரேன். பேப்பர் இல்லாம ஒரு காலி கன்டெய்னர வெளிய விடுவியா நீ?"

தே தாரிக் அப்படியே ஆறிக்கிடக்க நான் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலையில் எங்கள் வீட்டில் இரண்டு குடும்பமும் கூடியது. நான் சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆவலாகக்கூட இருந்தேன். நடக்கவில்லை. மண்டபம், மெனு, மாலை நிறம் என்று எட்டு மாதம் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு குடும்பம் அன்றைக்குப் பத்து நிமிடத்தில் ஒத்துப்போனது. நல்ல வேளை தாலி ஏறவில்லை. நல்ல வேளை பத்திரிகை அடிக்கவில்லை. நல்ல வேளை, நல்ல வேளை. கடையில் தவறாக ஒரு பொருளை எடுத்துவிட்டு, பில் போடுவதற்குள் திருப்பி வைத்துவிட்டவர்கள் மாதிரி எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. அவன் மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய பெரியப்பாதான் தீர்ப்புச் சொன்னார். "ஒண்ணும் ஆயிடல. ரெண்டு பக்கமும் கௌரவமா வெலகிக்கலாம். அந்த ரிஜிஸ்டர கேன்சல் பண்ணிட்டா முடிஞ்சுது."

"கேன்சல்னு ஒண்ணு இல்ல பெரியப்பா" என்றேன். "டிவோர்ஸ்தான்."

அம்மா பதறினாள். "அந்த வார்த்தய இந்த வீட்ல சொல்லாத."

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு பேருக்குத்தானே மா சொல்றோம். நாளைக்கு உனக்கு ஒரு நல்லது நடக்கணும் இல்லியா?"

"ஆன்ட்டி, ஒங்க மகன் பேருக்கும்தான் சொல்றீங்க. அவரு ஒரு வைஃப ஏமாத்தினாருனு வேணாம். பேச்சு வந்து ஒத்து வரலனு முடிச்சுக்கணும். அவ்ளோதானே?"

"வாய்" என்றாள் அம்மா.

அப்போதுதான் அப்பா பேசினார். அதுவரை வாசல் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நா சாட்சி சைன் போட்டிருக்கேன்."

பெரியப்பா திரும்பினார். "அதுக்கு என்னாங்க இப்ப?"

"நடந்துச்சுனு நா சைன் வெச்சிருக்கேன். நடக்கவே இல்லனு நீங்க சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணு பொய்யாவணும். என்னோடத பொய்யாக்காதீங்க."

அவ்வளவுதான் அவர் பேசியது. எழுந்து வெளியே போய், ஒரு கோளாறும் இல்லாத லோரிச் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே, அம்மா வைத்திருந்த கேசரித் தட்டை யாரும் தொடவில்லை.

ஆனால் அப்பாவின் ஒரு கையெழுத்து அம்மாவை அசைக்கவில்லை. அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: நான் மறுபடி கல்யாணமாகாத 'மிஸ்' ஆக வேண்டும். எனக்கும் ஒன்றே ஒன்றுதான்: நான் மிஸ் இல்லை என்பதை அவள் ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் ஒத்துக்கொள்வது எல்லாம் அப்புறம். அவன் இனி யாரோ. அவள் அம்மா.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண் லாயர் இருக்கிறார் என்று தோழி சொன்னாள். தனியாகப் போகலாம் என்று இருந்தேன். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடவே ரயிலேறினாள். லாயர் முன்னால் நல்ல குடும்பம் என்று தெரிய வேண்டுமாம்.

லாயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "டிவோர்ஸ் போடணும்னா ரிஜிஸ்டர் பண்ணி ரெண்டு வருஷம் முடியணும். அதுக்கு முன்னாடி போடணும்னா கோர்ட்ல தனியா பர்மிஷன் கேக்கணும். ஒங்க கேஸ்ல கெடைக்கறது கஷ்டம்."

"வேற வழியே இல்லியா மேடம்?" என்றாள் அம்மா.

"இன்னொண்ணு இருக்கு. ரிஜிஸ்டர் பண்ணாங்க, ஆனா அவரு சடங்குக் கல்யாணத்துக்கு வர மாட்டேன்னுட்டாரு, அதனால புருஷன் பொண்டாட்டியா சேர்ந்து வாழவே இல்லனா, இந்தக் கல்யாணம் செல்லாதுனு கேக்கலாம். அதுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்க வேணாம்."

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அப்ப இவ டிவோர்ஸ் ஆன பொண்ணுனு வராது?"

"வராது. ஆனா நா இவங்களத் தனியா ஒண்ணு கேக்கணும். ஆன்ட்டி கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"நா இருந்தா என்னா மேடம்? அவங்க சேர்ந்து இருக்கவே இல்ல. அவ எங்க வீட்லதான் இருந்தா."

லாயர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உண்மையா மா? சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும். உண்மையா இருந்தா மட்டும் சொல்லுங்க. இல்லனா நா இத எடுக்க மாட்டேன்."

மேசைக்குக் கீழே அம்மாவின் கை என் முட்டியை அழுத்தியது. நகம் பதிகிற அளவுக்கு. ஒரு சின்ன ஆமாம். ஒரே ஒரு தலையாட்டல். நான் மிஸ் ஆகிவிடலாம். அவனும் மிஸ்டர் சுத்தம். அந்த எட்டு மாதத்தில் என்னைத் தவிர எல்லாருக்கும் ஒன்றும் நடந்திருக்காது. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு விநாடி ஆசையாக இருந்தது.

"இல்ல மேடம். சேர்ந்துதான் இருந்தோம். சனி, ஞாயிறு."

"ஓவர்டைம் மேடம்!" என்றாள் அம்மா. குரல் கீச்சென்று ஏறியது. "சனிக்கிழம இவ ஓவர்டைம் போவா."

"ரெண்டு பேருக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்தது யாரு மா?"

கேட்டிருக்க வேண்டாம். ஒரு வெளியாள் முன்னால், பட்டுப்புடவை கட்டி வந்த அம்மாவிடம் அதைக் கேட்டிருக்க வேண்டாம். அம்மா கையை என் முட்டியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். லாயர் பேனாவை மூடினார்.

திரும்பும் ரயிலில், பெண்கள் கோச்சில், கிள்ளான் வருவதற்குள் எங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய சண்டையைத் தாழ்ந்த குரலில் போட்டு முடித்தோம்.

"ஒனக்கு நாளைக்கு ஒருத்தன் வர வேணாமா?"

"வரட்டும். தெரிஞ்சு வரட்டும்."

"எல்லாத்தையும் எல்லாரும் தெரிஞ்சுக்கணுமா? ஒரு சைன். அதோட முடிஞ்சுருக்கும்."

"பொய் சைன் மா."

"அவன் பண்ணாத பொய்யா?"

"அதனாலதான் நா பண்ண மாட்டேன். தப்பு பண்ணவன் அவன். நீங்க என்னய ஒளிச்சு வெச்சா தப்பு பண்ணது நானுனு ஆயிடும். புரியுதா ஒங்களுக்கு?"

"காலேஜ் வாய். நாப்பது வயசுல தனியா ஒக்காந்திருப்ப. அப்ப அந்த வாயத் தொணைக்கு வெச்சுக்கோ."

எழுந்து நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். கிள்ளானில் ஒரே கதவு வழியாக இறங்கினோம், வேறு வேறு ஆட்கள் மாதிரி. அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாள். "உப்பு போதுமா" என்று அப்பாவைக் கேட்பாள்.

சில மாதம் கழித்து அவன் கூப்பிட்டான். ஆபீசில் மத்தியானம், நான் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"அந்தச் செல்லாதுங்கற கேஸுக்கு ஒத்துக்கோ, ப்ளீஸ் லா. நா ஒண்ணும் மறுத்துப் பேச மாட்டேன். அவ வீட்ல தேதி பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. தாலிய மொதல்ல கட்டிடு. ஒனக்கு அதுதானே கல்யாணம்?"

பின்னால் ஃபோர்க்லிப்ட் பீப் பீப் என்று ரிவர்ஸ் எடுப்பது கேட்டது.

"ரிஜிஸ்டர் இல்லாம அவ வீட்ல ஒத்துக்க மாட்டாங்களாம்."

"ஏனாம்?"

"...அதுதான் செக்யூரிட்டியாம்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை சீனப் பெண் எட்டிப் பார்த்தாள். "பேப்பர்தானே லா அது?"

"பழி வாங்கற."

"கொஞ்சம்" என்றேன். கொஞ்சம் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? "ரெண்டு வருஷம் முடியட்டும். சேர்ந்தே மனு போடலாம், சண்டையில்லாம. ஆனா அதுல டிவோர்ஸ்னு இருக்கும். அது வரைக்கும் நீ கல்யாணமானவன். இஷ்டம் இல்லனாலும் இரு."

மகன் தோற்ற இடத்தில் தாய் இறங்கினார். அந்த வாரமே அவன் அம்மா என் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு காய் நறுக்கினாள். நான் கூடத்தில் இருந்தேன்.

"பொண்ணுகிட்ட எடுத்துச் சொல்லி ஒரு சைன் வாங்கிக் குடுங்க. அந்தப் பொண்ணு வீட்ல ரிஜிஸ்டர்தான் முக்கியம்னு புடிவாதமா இருக்காங்க. அவங்க பொண்ணுக்கு ஒரு பாதுகாப்பு வேணும் இல்லியா?"

கத்தி நின்றது.

"அப்ப எம்மவளுக்குப் போட்டது?" என்று கேட்டாள் அம்மா.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அம்மா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் "ம்" என்றாள். அப்புறம் "வெக்கறேன்" என்றாள். எஞ்சிய பீன்ஸை விரல் அளவுக்கு, மிகப் பெரிதாக நறுக்கினாள்.

ரிஜிஸ்டர் ஆகிப் பதினேழு மாதம் ஆனபோது ஆபீசில் ஒருத்தன் என்னை சனிக்கிழமை காபி குடிக்கக் கூப்பிட்டான். ஆப்பரேஷன்ஸில் வேலை. நல்லவன். ஜோக் சொன்னால் தானே முதலில் சிரிக்க மாட்டான், அதுவே எனக்குப் பெரிய தகுதி. போக ஆசைதான்.

"நா கல்யாணமானவ" என்றேன். "இன்னும் ஏழு மாசத்துல கேஸ் போடுவோம். அது முடிஞ்சு கேளு."

"காபிதானே" என்றான்.

"காபி மட்டும்தானா?"

யோசித்துவிட்டு, "இல்ல" என்றான். அதனால்தான் நல்லவன் என்றேன்.

தோழிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் அங்க கேபினட் போட்டுக் குடித்தனம் நடத்தறான். நீ யாருக்குடி வெரதம் இருக்க?"

விரதம் இல்லை. பத்தினி வேஷமும் இல்லை, அந்த வேஷத்துக்கு என் வாய் சரிப்படாது. அடி வாங்கிக்கொண்டு, அவமானப்பட்டுக்கொண்டு கூடவே கிடப்பதுதான் உறுதி என்று பாடம் எடுக்கிறவர்களோடும் எனக்குச் சேர்த்தி இல்லை. நான் போகிறேன். நிச்சயமாகப் போகிறேன். ஆனால் வந்த வாசல் வழியாகத்தான் போவேன். ஒரு அதிகாரி முன்னால் சத்தமாக "புரிஞ்சுது அங்கிள்" என்று சொன்னவள் நான். முடிகிற இடத்திலும் ஒரு அதிகாரி முன்னால், முடிந்தது என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். அவன் தன் பாதியை உடைத்ததால் என் பாதி தானாக உடைந்துவிடாது. அவன் செய்ததைத் தப்பு என்று நான் சொல்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டு நானும் அதையே செய்தால், பேப்பர் லா என்று அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும். சரி இல்லை. இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஜிம்முக்குக் கட்டிய சந்தாவை எட்டு மாதம் நிறுத்தத் தெரியாமல் இருக்கிறவர்கள்.

போன மாதம் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். கிள்ளானில் மண்டபம், ஞாயிறு மத்தியான விருந்து. நான் வர மாட்டேன் என்றேன். "வா" என்றாள் அம்மா, அவ்வளவுதான். வட்ட மேசையில் அம்மா, நான், தெரியாத நாலு பேர். அம்பாங்கிலிருந்து வந்த ஒரு தூரத்து அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

"ஒம்பொண்ணுக்கு ஒரு பையன் இருக்கான். இன்ஜினியர். அம்பாங்லயே வீடு. நம்ம பொண்ணுக்கு அது என்னமோ பேச்சு வந்து நின்னு போச்சாமே?"

என் வாயில் பிரியாணி. விழுங்கிவிட்டுப் பதில் சொல்லத் தயாரானேன். நல்ல பதில் ஒன்று வைத்திருந்தேன்.

"பேச்சு இல்ல க்கா" என்றாள் அம்மா. கரண்டியைத் தட்டில் வைத்தாள். "கல்யாணம். கோயில்ல ரிஜிஸ்டர் ஆச்சு. நா நின்னு பாத்தேன். எட்டு மாசத்துல அவன் வேற பொண்ணோட போயிட்டான். இன்னும் அஞ்சு மாசத்துல கோர்ட்ல டிவோர்ஸ் போடறோம்."

அத்தை சுற்றிலும் பார்த்தார். "மெதுவா லா. பக்கத்து டேபிள்ல பையன் வீட்டு ஆளுங்க."

"நல்லா கேக்கட்டும். டிவோர்ஸ் முடியட்டும், அப்புறம் வந்து அவகிட்டயே கேளுங்க. அவ பதில் சொல்லுவா. நல்லா சொல்லுவா, கொஞ்சம் அதிகமாவே சொல்லுவா."

அத்தை பாயசம் எடுத்துவரப் போவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வரவில்லை. அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள். நான் வைத்திருந்த நல்ல பதிலை விட்டுவிட்டு அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பிரியாணி வைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். சிவப்பு விளக்கில் நின்றபோது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அஞ்சு மாசம்னு சொன்னேன். சரிதானே?"

"நாலர மா."

"சரி" என்றாள். "அடுத்தவ கேட்டா நாலரனு சொல்லிடறேன்."